நடுவில் மடங்கிய பின்கள்

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் என்னைப் போன்ற கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, ஐயா. ஈரக்காற்றில் ஏதாவது ஒன்று மக்கர் பண்ணிக்கொண்டே இருக்கும். அதனால் என் வீட்டுக் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் மனைவி சங்கரேஸ்வரி பேசுவதே அந்தக் கம்ப்யூட்டரில்தான். போன சீசனில் ஐந்தருவிப் படியிலிருந்து பாறைமேல் விழுந்து, தலையிலும் கழுத்திலும் அடிபட்டு, கைகாலோடு பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் அசையும். திரையில் எந்த எழுத்தைப் பார்த்து நிற்கிறாளோ அதைக் கேமரா பிடித்துக்கொள்ளும். இப்படி ஒரு வசதி இருப்பதாக ஆய்க்குடி மறுவாழ்வு மையத்தில் யாரோ சொல்ல, பாகங்களை வாங்கி நானே பூட்டினேன். முதலில் தண்ணீர் கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே என்னை மெச்சியது.

அப்புறம் ஒருநாள், பட்டாளத்தில் இருக்கிற அவள் தம்பி சுபாஷ் வீடியோ காலில் பேசும்போது, 'அன்னிக்கு ஐந்தருவியில' என்று எழுத ஆரம்பித்தாள். நான் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கரண்ட் போய்விட்டது என்றேன்.

ஒயரை யாரும் திரும்ப மாட்டிவிடலாம். ஆகவே ப்ராசஸரைக் கழற்றினேன். அதன் அடியில் நூற்றுக்கணக்கில் பொடிப் பின்கள் இருக்கும். சிலவற்றை ஊசியால் மடக்கினால் போதும். விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் வராது. யாராவது வந்தால் அவர்கள் முன்னால் நானும் ரேமை மாற்றுவேன், மானிட்டரை மாற்றுவேன், உதட்டைப் பிதுக்குவேன். ஆள் போனதும் பின்களை நிமிர்த்திவிடுவேன். அவளும் பாவம், பசி தாகம் சொல்ல வேண்டாமா. ஐந்தருவிப் பேச்சை எடுத்தால் மறுபடி மடக்குவேன். அடிக்கடி மடக்கினால் ஒடிந்துவிடும், கைப்பக்குவம் வேண்டும்.

ஆனால் இருண்ட திரையிலும் அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. எந்த எழுத்து எங்கே என்று அவளுக்கு மனப்பாடம். எனக்கும்தான். கட்டிலைத் திருப்பிப் போட்டேன். சுவரைப் பார்த்து எழுதினாள். 'விட்டுரு' என்ற ஒரே சொல், திரும்பத் திரும்ப. கடையில் எவருடைய மானிட்டரைத் துடைத்தாலும் அந்தக் கண்கள் அதற்குள் இடமும் வலமுமாகப் போய் வந்தன. பயந்துவிட்டேன், ஐயா. எதை விடச் சொல்கிறாள் என்றுதான் கடைசிவரை விளங்கவில்லை.

லீவில் வந்த சுபாஷ், தனக்குத் தெரிந்த ஜெபஸ்டின் என்ற மெக்கானிக்கைக் கூட்டிவந்தான். ப்ராசஸர் என் கை தவறி விழுந்துவிட்டது என்றேன். ஜெபஸ்டின் லென்ஸ் வைத்துப் பார்த்தான்.

"கீழ விழுந்தா ஓரத்துப் பின்னுதான் சாயும். இது நடுவுல மட்டும் ஒவ்வொண்ணா மடக்கியிருக்கு. யாரு அண்ணாச்சி செஞ்சது?"

அவன் நிமிர்த்திப் பொருத்தினான். திரை வந்தது. எல்லோரும் பார்க்க அவள் எழுதினாள்.

"சுபாஷு, நாந்தான் வழுக்கி விழுந்தேன். அவுகள ஒண்ணும் செய்யாத. என்னைய மட்டும் இங்கேருந்து கூட்டிட்டுப் போயிரு."

அவள் வழுக்கவில்லை, ஐயா. இனி என்னோடு வாழ முடியாது, தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று அருவிச் சத்தத்தில் என் காதோரம் வந்து சொன்னாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். தள்ளினேன் என்றே வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவுக்குப் பிறகும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அதையும் சேர்த்து எழுதுங்கள். பிரியம் இல்லாமலா அப்படிச் சொன்னாள்? இப்போது அவள் இருக்கிற வீரகேரளம்புதூர்த் தம்பி வீடு நிறைய ஆள் இருக்கலாம். கம்ப்யூட்டர் நின்றுபோனால் அவள் கண்ணை வாசிக்க அங்கே யாருக்குத் தெரியும்? அவளை என்னிடமே அனுப்பிவிடச் சொல்லுங்கள்.