கையில் பந்தம்

– விளக்கைக் கீழ்ப்பக்கம் கொண்டு வாக்கா.

– எதுக்குடா? மேலேருந்து வெளிச்சம் விழுந்தாத்தான் நாணயத்துல எது மேடு, எது பள்ளம்னு தெரியும்.

– ஒரே ஒரு படம் எடுத்துக்கிறேன். அப்பா புத்தகத்துல இருக்கிற மாதிரி.

– ம். பாரு.

– அதே பந்தம்! கிரேக்க தேவி டிமீட்டர் கையில பந்தத்தோட நிக்கிறா. பாதாளத்துக்குத் தூக்கிட்டுப் போன மகளைத் தேடுறா. அப்பா எழுதினது அப்படியே இருக்கு.

– இப்ப விளக்கை மேல வைக்கிறேன். பந்தம் எங்க?

– காணோம். ஒரு வெட்டுதான் இருக்கு.

– உளி வெட்டு. உள்ளயும் வெள்ளிதானான்னு எவனோ கிரேக்க வியாபாரி வெட்டிப் பார்த்திருக்கான். கீழ் வெளிச்சத்துல பள்ளம் மேடாத் தெரியும்.

– அதுக்குத்தான் அப்பாவை இருபத்தாறு வருஷமா 'பந்தம் வாத்தியார்'னு கூப்பிட்டானுங்க. அவர் சாவுக்கு வந்தவன்கூட படியிறங்கும்போது சொல்லிச் சிரிச்சான். என் காதுல விழுந்துச்சு.

– விடுடா.

– எப்படி விடறது? நாணயம் அப்பா கையில இருந்தது ஒரே ஒரு மத்தியானம்; நமக்கே இன்னிக்குத்தான் இரவலாக் கெடைச்சிருக்கு. மத்ததெல்லாம் படத்தைப் பார்த்து எழுதினதுதானே? படம் எடுத்த புண்ணியவான் நாணயத்தைத் தலைகீழா வச்சு எடுத்திருக்கான். அப்புறம் படத்தை நேராத் திருப்பிட்டான். வெளிச்சம் கீழேருந்து வந்த மாதிரி ஆயிடுச்சு.

– அதை எழுதப் போறியா?

– புதுப் பதிப்புல முன்னுரையே அதுதான். ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல போடுவேன். அவன் பேருதான் கெடைக்கல. மத்த எல்லாப் படத்துக்கும் கீழ ஆள் பேரு இருக்கு, இதுக்கு மட்டும் இல்ல.

– அப்பாகிட்ட கேக்கலையா?

– ஆஸ்பத்திரியில கேட்டேன். மறந்துபோச்சுன்னாரு. அத்தனை ராஜா பேரையும் படுத்துக்கிட்டே ஒப்பிச்ச மனுஷன்!

– ம்.

– எனக்கு அவர்மேலயும் கோவம்தான்க்கா. ரெண்டாம் பதிப்புலயாவது திருத்தியிருக்கலாம். அப்பவே தெரியும் அவருக்கு. வீம்பு.

– வீம்பு இல்லடா. திருத்தணும்னா படம் தப்புன்னு எழுதணும்.

– எழுதுறதுதானே! யாரோ ஒருத்தனுக்காக ஊர்ச் சிரிப்பையெல்லாம் வாங்கிக்கணுமா?

– நீ முதல் பதிப்பு பார்த்திருக்கியா?

– எங்க பார்க்கிறது? ஒண்ணுகூட விடாம அவரே திரும்ப வாங்கிட்டாரே.

– ஒண்ணு என்கிட்ட இருக்கு. அந்த அலமாரியில, கீழ்த்தட்டு.

– பேரு போட்டிருக்கா அதுல?

– பேரு இல்ல. "படம்: என் மகள், வயது பதினேழு"ன்னு இருக்கும்.