ஐந்து புதன்கிழமைகளின் லாபம்

ஊசிமுனைக் கீறலையும் ஒரே பார்வையில் உரித்தெடுக்கும் கண்ணுக்குச் சொந்தக்காரரும், நாமெல்லாம் அன்போடு பூதக்கண்ணாடி என்று அழைப்பவருமான சங்கத் தலைவர் ஐயா அவர்களே! பேச்சு நீண்டால் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டக் காத்திருக்கும் செயலாளர் அவர்களே! மின்தூக்கி பழுதானாலும் மூன்று மாடி ஏறி வந்திருக்கும் மூட்டுவலிப் பெரியோர்களே! "இந்தக் கறுத்த தகட்டுல இந்த மனுஷனுக்கு என்னதான் தெரியுதோ" என்று முணுமுணுத்துக்கொண்டே துணைக்கு வந்து, முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட என் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் என் இரு கரம் குவித்து, சிரம் தாழ்த்தி வணங்குகிறேன்.

பழைய காசுகளை விற்பதில் நியாய விலை எது, நியாய லாபம் எது? இதைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளை. பேசி முடித்ததும் ஒரு வாக்கெடுப்பு. வாசலில் சங்கம் ஒரு மேசை போடப்போகிறது. விவரம் தெரியாமல் காசு விற்க வருகிறவர்களுக்கு, இது இன்ன விலை பெறும் என்று இலவசமாகச் சொல்லும் மேசை. அதில் உட்கார என் பெயரை முன்மொழிந்திருக்கிறீர்கள். அதிகம் படிப்பில்லாத, அடுப்படியே கதியென்று கிடந்த ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய பெருமை! ஆனால் கை தூக்குவதற்கு முன் என் கதையைக் கேளுங்கள். கேட்டபின் தூக்குங்கள்.

என் கணவர் மூன்று ஆல்பம் நிறையக் காசுகளையும், ஒரு வெற்று நாற்காலியையும் எனக்கு விட்டுவிட்டுப் போனார். மகன் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பேசுவான், "சாப்டியாம்மா?" என்று கேட்பான், வைத்துவிடுவான். மிச்சம் ஆறு நாள்? ஆறு நாளும் வீட்டில் பேசுவது தொலைக்காட்சி, கேட்பது நான்.

அந்த வெறுமையில் ஒருநாள் ஆல்பத்தைத் திறந்தேன். காசெல்லாம் கறுத்துக் கிடந்தன. அவர் பொருள் அழுக்காக இருக்கலாமா? சாமி விளக்கைத் துலக்கும் அதே பக்தியோடு, அதே தூளைப் போட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனையையும் தேய்த்தேன். நூற்றுப் பதினாறு காசும் நிலவாய் ஜொலித்தன!

பின்வரிசையில் ஐயோ என்றது யார்? சொல்லுங்கள் ஐயா, உரக்கவே சொல்லுங்கள். விற்கலாமென்று இங்கே எடுத்து வந்த அன்று நம் தலைவர் சொன்னது அதைவிட உரக்கத்தான் இருந்தது.

"யாரும்மா இதைத் துலக்கினது?"

"நான்தாங்க."

"ஏம்மா, இது என்ன கரிப்பிடிச்ச சட்டியா? நூறு வருஷம் ஏறின நிறத்தை ரெண்டே நாள்ல உரிச்சுட்டீங்களே! அப்படியே விட்டிருந்தா மொத்தமும் நாலாயிரம் போயிருக்கும். இப்ப ஆயிரத்துக்குத்தான் விக்கும். உங்களுக்கு எண்ணூத்தம்பது தரேன். நூத்தம்பது எனக்கு."

"உங்களுக்கு எவ்வளவுன்னு நான் கேக்கவே இல்லையே?"

"நீங்க கேக்கலைன்னா நான் சொல்லக் கூடாதாம்மா?"

அந்த ஒரு சொல்லில் இந்தத் தொழிலின் இலக்கணம் முழுவதையும் படித்தேன். அவரிடமே பாடம் கேட்டு, என் சாப்பாட்டு மேசையையே கடையாக்கினேன். நூற்றுக்கு விற்கும் காசை எண்பத்தைந்துக்கு வாங்குவேன். அதை வாய்விட்டுச் சொல்லித்தான் வாங்குவேன். லாபம் பாவமா? இல்லை, தாய்மார்களே, இல்லை! காகித உறைக்கு யார் கொடுப்பது? பேருந்துக்கு யார் கொடுப்பது? வாங்குவாரின்றி இரண்டு வருடம் பெட்டிக்குள் தூங்கும் காசுக்கு யார் கொடுப்பது? உழைத்த லாபம் உண்ணத் தகும். ஒளித்த லாபம்தான் உள்ளே போய் உறுத்தும்.

கைதட்டாதீர்கள். உறுத்தும் கதை இனிமேல்தான் வருகிறது.

என்னிடம் ஒருவர் காசு விற்க வந்தார். ஓய்வு பெற்ற பேருந்து நடத்துனர். கண்டக்டர் அண்ணன் என்று கூப்பிடுவேன். முப்பது வருடம் தன் தோல்பையில் விழுந்த விசித்திரக் காசுகளை எடுத்து வைத்தவர். எடுத்த காசுக்கு ஈடாகத் தன் சொந்தக் காசைப் பையில் போட்டவர். புதன்கிழமை தோறும் நான்கு மணிக்கு வருவார். வாரத்துக்கு ஒரே ஒரு காசு.

"மொத்தமா கொண்டு வாங்களேன்ணே. எதுக்கு இத்தனை நடை?"

"முப்பது வருஷம் நின்னுக்கிட்டே சேத்தது தங்கச்சி. ஒண்ணொண்ணா உக்காந்து பாத்துட்டுக் குடுக்கறேனே."

அவர் மகள் கடல் தாண்டி இருந்தாள். பேத்தி பிறந்து நான்கு மாதம். போய் அவர்களோடே இருந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குத்தான் இந்தச் சேமிப்பு. "மக அனுப்பறேங்கறா. கைப்புள்ளக்காரிகிட்டயா காசு வாங்குவேன்?" என்பார். அப்புறம் அவரே சிரிப்பார். "ஊருக்கே டிக்கெட் கிழிச்சேன் தங்கச்சி. எனக்கு ஒரு டிக்கெட் எடுக்க முடியல பாருங்க."

அந்தச் சிரிப்பு அவர் போனபிறகும் அரைமணி நேரம் என் வீட்டில் இருக்கும். என் வீட்டில் புதன்கிழமை மட்டும் இரண்டு தம்ளர் கழுவினேன். என் கணவரின் நாற்காலி புதன்கிழமை மட்டும் நாற்காலியாக இருந்தது.

ஒரு புதன்கிழமை அவர் கொண்டுவந்த காசில் பதிந்திருந்த தேசத் தலைவரின் உருவம் ஒரு புறமாக நகர்ந்து, ஆண்டு எண் இரண்டு முறை பதிந்திருந்தது. அச்சுப் பிழை. பிழை அபூர்வம், அபூர்வத்துக்கே விலை என்று உங்களுக்குத் தெரியும். "இருக்கட்டும்ணே, விசாரிச்சுச் சொல்றேன்" என்று வாங்கி வைத்தேன். பெருக்கிக் காட்டும் கண்ணாடியால் பார்த்தேன், எடை போட்டேன். ஏலப் பட்டியல்களைப் புரட்டினேன். மறுநாள் மதியத்துக்குள் தெரிந்துவிட்டது: அந்த ஒரு காசை விற்றால் மூன்று விமான டிக்கெட் எடுக்கலாம்!

மனம் துள்ளியது. துள்ளிய மனம் அப்படியே விழுந்தது. சொன்னால் அவர் போய்விடுவார். போனால் புதன்கிழமை?

அடுத்த வாரம் வந்தார். "பெரிய புத்தகம் ஒண்ணு வரணும்ணே" என்றேன். அதற்கடுத்த வாரம், "தராசு சரியில்லைண்ணே." பிறகு, "கேட்டு எழுதியிருக்கேன், பதில் வரலைண்ணே." நான்காம் வாரம் எனக்குச் சாக்கு தீர்ந்துபோனது. "அவசரமில்ல தங்கச்சி" என்று தேநீரை ஆற்றிக் குடித்தார்.

வாங்கிய ஊசிக்கும் கணக்கெழுதும் கை இது. அந்தக் காசை மட்டும் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. விளக்கேற்றினேன், சாமி முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஐந்தாம் புதன்கிழமை கைப்பேசியை நீட்டினார். "மக, பேத்தி படம் அனுப்பியிருக்கா. வாய்ல என்னமோ வெள்ளையா தெரியுது. உங்க கண்ணாடிய வச்சுப் பாத்துச் சொல்லுங்க."

எந்தக் கண்ணாடியால் அவர் காசின் பிழையைக் கண்டேனோ, அதே கண்ணாடியால் பார்த்தேன். கீழீறில் அரிசி மணிபோல் இரண்டு.

"பல்லுண்ணே."

"பல்லா! முளைச்சிருச்சா?"

அந்த முகத்துக்கு நேரே அதற்குமேல் என்னால் பொய்யாக இருக்க முடியவில்லை. எழுந்துபோய்க் காசைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தேன். மதிப்பைச் சொன்னேன். எப்போதிலிருந்து தெரியும் என்பதையும் சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லக் கேட்டார்: "அந்த ரெண்டு பல்லும் முளைக்கறப்ப நான் அங்க இருந்திருக்கலாம்ல, தங்கச்சி?"

அன்புச் சபையோரே! இதற்கு என்ன விலை? எந்தப் பட்டியலில் பார்ப்பேன்? எந்தத் தராசில் நிறுப்பேன்? காசைத் திருடினால் காசாய்த் திருப்பித் தரலாம். ஐந்து வாரத்தைத் திருடிவிட்டேனே, எதைத் தருவேன்?

காசு ஏலத்தில் போனது. பணம் வந்ததும் நூற்றுக்குப் பதினைந்தை எண்ணி என் மேசையில் வைத்தார். "வேண்டாம்ணே" என்று அழுதேன். "தொழில் தொழில்தான் தங்கச்சி. பேசினது பேசினபடி" என்றார். தேநீரைக் குடித்து முடித்து, தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அந்தப் பணத்தை இதுவரை தொடவில்லை. இதோ, இந்த உறையில் இருக்கிறது. வாசல் மேசைக்குத் தராசும் கண்ணாடியும் இதில் வாங்குங்கள். அங்கே உட்காரப்போவது யாராக இருந்தாலும் வாங்குங்கள்.

துலக்கிய காசுக்குப் பளபளப்பு உண்டு, மதிப்பு இல்லை என்று நீங்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். அதனால் இன்று என்னைத் துலக்கிக்கொண்டு வரவில்லை. கறையோடு வந்து நிற்கிறேன். இனி மதிப்பிடுவது உங்கள் வேலை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்த மதிப்பைத் தெரிந்த அன்றைக்கே சொல்லுங்கள். லாபத்துக்காக மறைக்காதீர்கள். லாபத்துக்காக அல்லாமலும் மறைக்காதீர்கள். அன்பு என்று பெயர் வைத்து மறைக்காதீர்கள்! விற்க வருகிறவர் நம் தனிமைக்குத் துணையிருக்க வரவில்லை. அவருக்கு வேறெங்கோ போகவேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் வருகிறார்.

என்னம்மா கேட்கிறீர்கள்? அவரிடமிருந்து தகவல் உண்டா என்றா? ஒரு படம் வந்தது. பேத்தி அவர் விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். கீழே ஒரு வரி: "நாலு பல்லு தங்கச்சி." அந்தப் படத்துக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. புதன்கிழமை நான்கு மணிக்கு அதைப் பார்த்துக்கொண்டே, ஒரு தம்ளரில் தேநீர் குடிக்கிறேன்.

மேசை போட்டால் எதிரே ஒரு நாற்காலியும் போடுங்கள். வருகிறவர் உட்காரட்டும், கேட்டது தெரிந்ததும் எழுந்து போகட்டும். போகிறவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் பழகிக்கொண்டேன்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கடிகாரத்தை ஒருமுறைகூடத் தட்டாத செயலாளருக்கும், நடுவில் கண் துடைத்த தாய்மார்களுக்கும் நன்றி. தலைவர் அவர்களே, வாக்கெடுப்பை நடத்துங்கள். எத்தனை கைகள் என்று நான் எண்ணப்போவதில்லை, கண்ணை மூடிக்கொள்கிறேன். வணக்கம்.