தோசையாட்டம் ஒரு பந்து

“இன்னிக்கும் உன் பந்து துள்ளலன்னா பென்சிலக் கடல்ல போடுறேன்னு சொன்னியே, மறந்துட்டியா?”

அக்கரையிலிருக்கும் பட்டர்வொர்த் போகும் நீராவிப் படகில் எனக்கு முன்னால் ஆபீஸ் கணக்கெழுதும் இரண்டு கிராணிகள் நின்றிருந்தார்கள். கேட்டவர் மூத்தவர். இளையவர் கையிலிருந்த சின்னப் புத்தகத்தில், தாளுக்குத் தாள் மூலையில் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறி ஒரு பந்து வரையப்பட்டிருந்தது.

“மறக்கலண்ணே. நேத்துவரைக்கும் எல்லாத் தாள்லயும் உருண்டையாவே வரைஞ்சேன். கல்லாட்டம் விழுந்துச்சு. இப்ப தரையத் தொடுற தாள்ல மட்டும் தோசையாட்டம் நசுக்கியிருக்கேன். புரட்டிப் பாருங்க லா.”

மூத்தவர் கட்டைவிரலால் தாள்களைச் சரசரவென்று புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

“அடேய், துள்ளுதுடா!”

படகில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மூத்தவர் கடைசித் தாளுக்கு வந்திருந்தார்.

“மேல போயிடுச்சே, எப்பக் கீழ வரும்?”

“தாள் தீந்துபோச்சுண்ணே. நாளைக்கு வரும்.”