அத்தை கண் கொண்ட ரோபோ

கேட்டதோடு கேளாததையும் சேர்த்துவிடும் பழக்கம் எனக்கு உண்டு. ஆகையால், ஐயமறக் காதில் விழுந்தவற்றை மட்டுமே இங்குத் தருகிறேன். மலேசியாவில், அசாம் ஜாவாவிலிருந்து கோலசிலாங்கூர் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் இரு பெண்கள் அமர்ந்திருந்தனர். இளையவளுக்குப் பூனைக்கண். அவளுடைய அண்ணி மடியில் நோட்டை விரித்து ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தார்.

"ரோபோவுக்கு எப்படி அண்ணி பரம்பரையா பூனைக்கண்ணு வரும்?"

"புது ரோபோ செய்யறப்ப, அத்தை ரோபோவோட கண்ணைக் கழட்டி மாட்டுவாங்க. பழைய லோரி ஸ்பேர் மாதிரி."

"அப்ப அத்தை குருடியா? நல்லா இருக்கு லா."

"சரி, அத்தையைப் பாத்து அதே மாதிரி கண்ணு செய்யறாங்கன்னு மாத்திடறேன். கிண்டல் பண்ணாத. உன் கண்ணு வந்ததால எம்மகளை ஸ்கூல்ல பூனைங்கிறாங்க. நாளைக்கு வகுப்புல கதை சொல்லணும், போகமாட்டேன்னு அழறா. அதுக்குத்தான் இந்தப் பாடு."

இளையவள் அண்ணி பக்கம் திரும்பினாள்.

"என்னை அப்படிக் கூப்பிட்டவனைத்தான் நான் கட்டிக்கிட்டேன். அதை மட்டும் எழுதிடாதீங்க, அண்ணி."

அண்ணி சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்பதும், மறுநாள் அச்சிறுமி வகுப்புக்குப் போனாளா என்பதும் எனக்குத் தெரியாது.