தீபத்துக்கு மறுநாள்

வக்கீல் சார், குரலை உயர்த்திப் பேசுவது எனக்குப் பிடிக்காது. மணிலா எண்ணெய், அதாவது கடலெண்ணெய் மில்லில் இத்தனை வருஷம் மேனேஜராக இருந்தேன். ஒருவரையும் 'டா' போட்டுக் கூப்பிட்டதில்லை. பொன்னியைக்கூட 'வாம்மா' என்றுதான் சொல்வேன்.

பொன்னி எங்கள் டைப்பிஸ்ட். சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடதுகால் சூம்பிப்போனவள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் முதலாளி சக்கரபாணிக்குக் காலையில் அவள் முகத்தில் விழிப்பது ஆகவில்லை.

"நொண்டிகினு எதிர்ல வருதுய்யா. யாவாரம் எப்பிடி உருப்படும்? நீயே பாத்து அனுப்பிடு," என்றார். அவர் உப்பைத் தின்கிறவன் நான்.

வேலையை விட்டு நிறுத்திப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. வேலூருக்குப் போய் லேபர் ஆபீசரைப் பார்த்தாள். அவர் என்னை வரவழைத்தார்.

"ஊனத்துக்குன்னு தனிச் சட்டம் இல்லைங்க. ஆனா வருஷக்கணக்கா வேலை செஞ்சவங்களக் காரணமில்லாம நிறுத்த முடியாது," என்றார்.

சட்டத்தை மதிக்கிறவன் நான். திரும்பச் சேர்த்துக்கொண்டேன். அவள் மேஜையை மட்டும் மாடிக்கு மாற்றினேன், தானே நின்றுவிடுவாள் என்று. அவளோ சுவரைப் பிடித்துக்கொண்டு, சூம்பிய காலைக் கையால் தூக்கித் தூக்கி வைத்து ஏறினாள். ஒருநாளும் லேட் இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

எண்பத்து மூன்றாம் வருஷக் கார்த்திகை தீபம் வந்தது. மலையில் ஜோதி தெரிந்ததும் மாடிப்படி முழுக்க அகல் ஏற்றுவது எங்கள் மில் வழக்கம், எண்ணெய்க்கா பஞ்சம்? காற்றில் பாதி கவிழ்ந்து படியெல்லாம் எண்ணெயாகிவிடும். மறுநாள் லீவு. பெருக்குகிற தங்கம்மாள் விடிந்ததும் வந்து சீயக்காய்த் தூள் போட்டுப் படிகளைத் தேய்த்துக் கழுவுவாள்.

"நாளைக்கு வேணாம்மா, நீயும் மலை சுத்திட்டு வா," என்றேன். பாவம், கும்பிட்டுவிட்டுப் போனாள்.

காலையில் வாட்ச்மேன் சுப்பிரமணியை அனுப்பி, அவசர டைப்பிங் என்று பொன்னியை வரவழைத்தேன். நான் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கெட்டிக்காரி, கடைசிப் படிவரை ஏறிவிட்டாள். விழுந்ததில் நல்ல கால்தான் முறிந்தது, இடுப்போடு.

வேலைக்கு வந்து விழுந்தால் மில் நஷ்டஈடு தரவேண்டும். "லீவு நாள். யாரும் கூப்பிடவில்லை," என்று விசாரணையில் சொன்னேன். சுப்பிரமணி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவருக்கும் பிழைப்பு இருக்கிறதே.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். "நீங்கதான சார் கூப்ட்டனுப்பனீங்க? அத மட்டும் சொல்லிடுங்க, போதும்," என்றாள். ஆரஞ்சுப் பழங்களைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன். அவள் அப்புறம் எழுந்திருக்கவில்லை. படுக்கைப் புண் வைத்து, பங்குனியில் போய்ச் சேர்ந்தாள்.

அவள் அம்மாவுக்கு நஷ்டஈடு வாங்கித்தரக் கேட்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன். கூப்பிட்டனுப்பியது நான்தான். படியைக் கழுவவேண்டாம் என்றதும் நான்தான், தெரிந்தேதான். ஆனால் ஒன்றைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்: கடைசிவரை அவளை நான் வேலையிலிருந்து நீக்கவில்லை.