மாமனார் உள்ளே போனால் முகப்பு எரியும்

இந்த அவையைத் தம் அமைதியால் ஆண்டுகொண்டிருக்கும் தலைவர் அவர்களே, அந்த அமைதியை அரட்டையால் சோதித்துக்கொண்டிருக்கும் மேடைப் பெருமக்களே, கடை திறந்து கல்லாவில் அமர்ந்திருக்கும் வணிகப் பெரியோர்களே, அந்தக் கடைகளை உண்மையில் நடத்திக்கொண்டிருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்து, இவள் என்ன பேசப் போகிறாளோ என்ற கலக்கத்தில் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருக்கும் என் கணவர் அவர்களே, உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்குச் சங்கம் அளித்திருக்கும் தலைப்பு, வணிகக் கட்டடங்களில் விளக்குகளுக்கான மின்சிக்கன விதிகள். தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் இருவர் எழுந்திருப்பதைப் பார்க்கிறேன். கழிவறைக்குத்தான் என்றால் நிம்மதியாகப் போய் வாருங்கள் ஐயா. ஆனால் சீக்கிரம் வந்துவிடுங்கள். இன்றைய என் பேச்சே கழிவறையைப் பற்றியதுதான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்று ஒரு தெருவே சிரித்தது.

விதி என்ன சொல்கிறது? விதி நம்மை இருட்டில் உட்காரச் சொல்கிறதா? இல்லை. உன் கட்டடம் எவ்வளவு பெரியதோ, அதற்கேற்ற அளவு மின்சாரத்தை விளக்குக்குச் செலவிடு, அதற்கு மேல் போகாதே என்கிறது. ஆள் இல்லாத அறையில் விளக்கு தானாக அணையட்டும் என்கிறது. சன்னல் ஓரத்தில் பகல் வந்து நிற்கும்போது, விளக்கே, நீ கொஞ்சம் ஒதுங்கு என்கிறது. இவ்வளவுதான். ஆனால் இந்த எளிய விதி என் வீட்டுக்குள் நுழைந்தபோது என்ன பாடுபட்டது, என்ன பாடுபடுத்தியது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

கடைவீதியில் என் கணவருக்குப் 'பளீர்' என்று பட்டப்பெயர். ஆமாம், நீங்களெல்லாம் வைத்ததுதான். எங்கள் துணிக்கடையைப் பெரிதாக்கி மாடி கட்டியபோது அவர் நெஞ்சில் இருந்தது ஒரே ஆசை. எதிர்க்கடையைவிட நம் கடை பளீரென்று இருக்க வேண்டும். பார்ப்பவன் கண் கூச வேண்டும். கூசிய கண்ணோடு உள்ளே வந்து, விலையைப் பார்க்காமல் வாங்க வேண்டும்.

விளக்குப் போட வந்த எலக்ட்ரீஷியன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், நீங்க கேக்கிற அளவுக்கு முன்னால போட்டா மொத்தக் கட்டடத்துக்கும் அனுமதி தாண்டிடும். எங்கயாவது குறைக்கணும்."

"பின்னால குறைங்க. தையல் ரூம்ல குறைங்க. அங்க யாரு வந்து பாக்கப்போறா?"

யார் பார்க்கப்போகிறார்கள்? நல்ல கேள்வி. அந்த அறையில் இருப்பவர்கள் பார்க்க வேண்டாமா? ஊசிக் காதைப் பார்க்க வேண்டாமா? நூலைப் பார்க்க வேண்டாமா? தையல் அறையை நடத்துபவள் வேறு யாருமல்ல, என் கணவரின் உடன்பிறந்த தங்கை, என் நாத்தனார். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டால், அந்த நாடாவே அவளுக்கு அதிகாரப் பட்டை. அவளுக்கும் அவளோடு தைக்கும் பெண்களுக்கும் கூரையிலிருந்து மஞ்சளாக ஒரே ஒரு விளக்கு. சன்னலைத் துணிமூட்டைகள் மறைத்திருந்தன. மாலையில் என் நாத்தனார் ஈரத் துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பாள்.

"அண்ணி, கடை திறக்கிற வரைக்கும் பார்ப்பேன். அப்புறமும் இப்படித்தான் இருட்டுல உக்காரணும்னா நான் வேற இடம் பாத்துக்குவேன். அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன், சண்டை போட்டும் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. பளீரென்ற கனவு காதையும் அடைத்துவிடும் போலிருக்கிறது.

அத்தோடு விட்டாரா? இல்லை. அனுமதித்த விளக்குகள் போதவில்லை என்று, அரசு ஆய்வாளர் வந்து பார்ப்பதற்கு முதல் நாள், முகப்பின் கூரைப் பலகைக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் தெரியாமல் ஒரு வரிசை பெரிய விளக்குகளை ஒளித்து வைத்தார். ஆய்வு முடியும்வரை அவை உறங்கும். சான்றிதழ் கைக்கு வந்ததும் விழித்துக்கொள்ளும். இதுதான் திட்டம். எலக்ட்ரீஷியன் தயங்கினார். "பக்கத்துல எந்த ஒயர் போகுதோ அதுல கொடுத்துடுங்க தம்பி, சுவிட்ச் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் என் கணவர்.

பக்கத்தில் எந்த ஒயர் போனது என்று நினைக்கிறீர்கள்?

அதோ, அந்த அம்மா சரியாகச் சொல்லிவிட்டார். கழிவறை ஒயர்.

கழிவறையில் விதிப்படி சென்சார் வைத்திருந்தோம். ஆள் நுழைந்தால் விளக்கு எரியும். ஆள் வெளியேறினால் அணையும். அந்தச் சென்சாருக்குத் தன் கடமை ஒன்றே தெரியும். தன்னோடு இப்போது கடை முகப்பும் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்று அதற்கு யார் சொன்னார்கள்?

ஆய்வு நாள் வந்தது. வெளி விளக்குகளைப் பார்க்க வேண்டும் என்பதால் ஆய்வாளர் அம்மையார் பொழுது சாயும் நேரத்தில் வந்தார். என் கணவர் புதுக் கோட்டில் மிடுக்காக நின்றார். தங்கை தைத்துக் கொடுத்த கோட்டு. அன்று பார்த்து என் அப்பாவும் ஊரிலிருந்து வந்திருந்தார். அவருக்கு டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார். நீர் பிரிய மாத்திரையும் கொடுத்திருந்தார். மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

அம்மையார் தெருவில் நின்று பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்பா உள்ளே போகிறார். முகப்பு திடீரென்று பற்றிக்கொண்டதுபோல் ஒளிர்கிறது. தெருவில் போனவர்கள் கண்ணைக் கையால் மறைத்தார்கள்.

"இந்த விளக்கு வரைபடத்துல இல்லையே சார்."

"அது வந்து... எதிர்க்கடை வெளிச்சம் மேடம். நம்ம கண்ணாடியில பட்டுத் திரும்புது."

சொல்லி வாய் மூடவில்லை, முகப்பு அணைந்தது. அணைந்த வேகத்தில் மறுபடி எரிந்தது. உள்ளே அப்பா அசையாமல் உட்கார்ந்தால் சென்சார் ஆளில்லை என்று முடிவு கட்டிவிடும். உடனே அவர் கையை ஆட்டுவார். வெளிச்சம் வரும். அவர் அங்கே கை ஆட்ட, கடை இங்கே கண் சிமிட்ட, என் கணவர் நடுவில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா வெளியே வந்து என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "என்னம்மா உங்க கடை, உள்ள உக்காந்தா லைட்டு போயிடுது. கையை ஆட்டிக்கிட்டே இருக்க வேண்டியதா இருக்கு."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஈரத் துணியோடு சாய்ந்திருந்த என் நாத்தனாரை நினைத்துக்கொண்டேன். செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துவந்து, "அப்பா, டாக்டர் சொன்னாரே, இன்னொரு டம்ளர் குடிங்க" என்றேன்.

என் கணவரைப் பார்க்காதீர்கள். இது அவருக்கும் இன்றைக்குத்தான் தெரியும். என்னங்க, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம்.

அப்பா மறுபடி புறப்பட்டார். என் கணவர் ஓடிவந்து வழிமறித்தார். "மாமா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்ச நேரம் அடக்கிக்க முடியுமா?" மகளைக் கட்டிக்கொடுத்த மனிதர், மருமகனை மேலும் கீழும் பார்த்தார். "மாப்பிள்ளை, இதுக்கெல்லாமா உங்ககிட்ட அனுமதி கேக்கணும்?" கதவு சாத்திக்கொண்டது. முகப்பு எரிந்தது.

ஆய்வாளர் அம்மையார் குரலை உயர்த்தவில்லை. அப்பா வெளியே வரும்வரை காத்திருந்தார். வந்ததும் என் கணவரிடம், "இப்ப நீங்க உள்ள போங்க சார்" என்றார்.

"எனக்கு வரலையே மேடம்."

"பரவாயில்லை. சும்மா நின்னா போதும்."

போனார். தெருவே திரண்டு நிற்க, பளீர் உள்ளே போனார், கடை பளீரென்று எரிந்தது. எதிர்க்கடைக்காரர் கைதட்டினார். அவர் வந்திருக்கிறார், அதோ, இன்றும் கைதட்டுகிறார்.

இதுவரை நீங்கள் சிரித்த கதை. இனி வருவது என் கணவர் சிரிக்காத கதை.

அவர் வெளியே வந்து, வாசலில் அனுமதியோடு எரிந்த விளக்கின் கீழ் நின்றார். அம்மையார் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். கோட்டின் ஒரு கை கறுப்பு. மறு கை கருநீலம்.

"இதை எங்க தைச்சீங்க?"

"இங்கதான் மேடம். பின்னால."

"அந்த ரூமைப் பாக்கலாமா?"

தையல் அறைக்குள் நுழைந்ததும் அம்மையார் சற்று நேரம் வாசலிலேயே நின்றார், கண் பழகுவதற்காக. பிறகு வெளிச்சம் அளக்கும் கருவியை எடுத்து ஒரு தையல் மெஷின்மேல் வைத்துப் பார்த்தார். "சட்டம் இதுக்கு மேல போகாதீங்கன்னுதான் சொல்லுது. இந்த ரூமுக்குக் கொடுத்த அளவுல கால்வாசிகூட நீங்க எடுத்துக்கலையே, ஏன்?"

கேள்வி கேட்டது என் கணவரிடம். பதில் சொன்னது தங்கை. கோபமாகக்கூட இல்லை.

"அண்ணா, நான் இங்க கண்ணால தைக்கலை. தடவித் தைக்கிறேன். கறுப்பும் கருநீலமும் கைக்கு ஒண்ணுதானே."

அவர் தன் இரண்டு கைகளையும் நீட்டி மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, தையல்காரப் பெண்களின் முக்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டார்.

பெரியோர்களே, விளக்கு எதற்கு எரிகிறது? வீதிக்காகவா, விழிக்காகவா? போகிறவன் வியக்கவா, வேலை செய்கிறவள் பார்க்கவா? வாசலில் வழிந்தோடும் வெளிச்சம் வேலை செய்யும் மேசைக்கு வந்து சேரவில்லை என்றால், அந்த வெளிச்சத்தை என்னவென்று சொல்வது? விதி அதிகம் எரிக்காதே என்று மட்டும் சொல்கிறது. எரிப்பதை யாருக்குப் பங்கிட வேண்டும் என்று அது சொல்லாது. அதை நம் வீட்டில் நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். யாரும் வந்து பார்க்காத அறையில் நீங்கள் எப்படிப்பட்ட விளக்கைப் போடுகிறீர்கள்? கிடங்கில்? சமையற்கட்டில்? காவலர் உட்காரும் மூலையில்? அங்கே தெரிந்துவிடும் ஐயா, நீங்கள் யாரென்று.

ஒளித்த விளக்குகள் இறங்கின. திறப்பு விழா தள்ளிப்போனது. துணிமூட்டைகள் நகர்ந்து சன்னல் திறந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் மேலே ஒரு வெள்ளை விளக்கு வந்தது. முகப்பு முன்போல் இல்லை, எதிர்க்கடையைவிட ஒரு படி மங்கல்தான். அதற்காக அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்ததும் உண்மை. மனிதர் ஒரே நாளில் மாறிவிட்டார் என்று நான் சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

ஆனால் ஒன்று. கடையில் கண்ணுக்கு இதமான அறை இப்போது தையல் அறைதான் என்பதை அவரே கண்டுபிடித்துவிட்டார். மதியமானால் செய்தித்தாளோடு அங்கே போய் உட்கார்ந்துகொள்வார். என் நாத்தனார் விடுவாளா? "அண்ணா, இங்க சும்மா உக்கார இடமில்லை. உக்காந்தா பட்டன் தைக்கணும்." முதலில் முறைத்தார். பிறகு ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொண்டார். இன்று அவர் போட்டிருக்கும் சட்டையின் பொத்தான்கள் அனைத்தும் அவர் கையால் தைத்தவை. என்னங்க, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள், எல்லோரும் பார்க்கட்டும். ஒன்று மட்டும் சற்றுக் கோணலாக இருக்கும். அதைப் பிரித்துத் தைக்கவா என்று தங்கை கேட்டதற்கு, தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

பேச வாய்ப்பளித்த சங்கத்துக்கும், பொறுமையோடு சிரித்த உங்களுக்கும், எழுந்து நின்ற என் கணவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.