மாவுக்கட்டு அக்கா செய்த இருக்கை

மேடையில் அமர்ந்திருக்கும் பந்தயக் கழகத் தலைவர் அவர்களே, அக்காவின் கணவரும் எங்கள் பட்டறையின் வெல்டருமான அண்ணன் அவர்களே, வேலையைப் போட்டது போட்டபடி வந்திருக்கும் மெக்கானிக்குகளே, ஓட்டுநர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம். மாவுக்கட்டு அக்காவின் நினைவுக்காகக் கூடியிருக்கிறோம்.

இந்தப் பட்டறையில் பந்தயக் காரின் எடையைக் குறைப்பது என் வேலை. அந்தக் காரில் உட்காரும் உடம்பைக் காப்பது அக்காவின் வேலை. பன்னிரண்டு நாட்களுக்கு முன், பேசிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மருத்துவமனை வாசலை எட்டுவதற்குள் போய்விட்டார். ஐம்பத்தாறு வயது போகிற வயதா?

மாவுக்கட்டு அக்கா என்று ஏன் அழைத்தோம்? மருத்துவமனையில் எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போடும் பணியில் இருந்தவர் அவர். ஒருநாள் கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த இடத்தில், ஒற்றை இருக்கைக் காரிலிருந்து எங்கள் ஓட்டுநர் இறங்குவதைப் பார்த்தார். அவர் சட்டையைக் கழற்றியபோது விலாவெல்லாம் கன்றிப்போயிருந்தது. அலுமினியத் தகட்டை வளைத்து நான் செய்த இருக்கை அது.

"ஏன் சார், இது சீட்டா, தகர டப்பாவா? மனுஷன்தானே இதுல உக்காரணும்?" என்றார்.

பட்டறையே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை!

பந்தய இருக்கை செய்யும் முறையை எங்கெங்கோ விசாரித்துக் கற்றுக்கொண்டு, ஆறு மாதம் கழித்துத் தானே வந்தார். ஓட்டுநரைக் காருக்குள் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைச் செருகி, அதில் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினார். நுரை பொங்கி, உடம்பின் வளைவெல்லாம் நிரம்பி இறுகியது. "வயித்த உள்ள இழுக்காதீங்க தம்பி, பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க? ஓட்டுற மாதிரியே உக்காருங்க!" என்று அதட்டினார். பிறகு அந்த அச்சைக் கொண்டு, கார்பன் இழைத் துணியைப் பிசினில் தோய்த்து இருக்கை செய்தார். தராசில் வைத்தோம். என்னுடையது நாலரை கிலோ. அவருடையது இரண்டு கிலோவுக்கும் கீழே!

அப்படிப்பட்டவருக்கு நான் என்ன செய்தேன்? இத்தனை நாள் மறைத்துவைத்ததை இன்று சொல்கிறேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், பந்தயப் பருவத்தின் கடைசிப் போட்டி. இன்னும் இருநூறு கிராம் குறைக்க வேண்டும் என்றேன். விலாவைப் பிடிக்கும் விளிம்பில் கை வைக்கக் கூடாது என்றார் அக்கா. அவர் வீட்டுக்குப் போனபின், அந்த விளிம்பை இரண்டு விரல் அகலத்துக்கு நானே ரம்பத்தால் அறுத்தேன். மறுநாள் கார் பக்கவாட்டில் தடுப்பில் மோதியது. ஓட்டுநருக்கு மூன்று விலா எலும்புகள் முறிந்தன.

உடைந்த இருக்கையைத் தடவிப் பார்த்த அக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"யாரு சார் அறுத்தது?"

"நான்தான்."

"கேட்டிருந்தா வேற எடத்துல கொறச்சிருப்பேனே..." உடைந்த துண்டை என் கையில் வைத்தார். பிறகு, "அந்தத் தம்பிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா கோள் மூட்டுன மாதிரி ஆயிடும்" என்றார்.

நான் சொன்னேனா? சொல்லவில்லை! அக்காவின் இருக்கை பலமில்லாதது என்று ஊரெல்லாம் பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு அணிகள் அவரைக் கைவிட்டன. அப்போதும் திறக்கவில்லை. அடிபட்ட ஓட்டுநர் எங்கள் பட்டறைப் பக்கமே வரவில்லை. "சொல்லிட்டீங்களா சார்?" என்று அக்கா இருமுறை கேட்டார். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். என்னோடு பேசுவதை மட்டும் விடவில்லை. அதுதான் தோழர்களே, என்னை உருக்குகிறது!

நேற்று அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும். எங்கிட்ட அழுது என்ன ஆகப்போவுது? நாலு பேர் முன்னாடி சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன், அண்ணா.

அக்கா பாதியில் விட்டுப்போன இருக்கை ஒன்று பட்டறையில் இருக்கிறது. அவர் குறித்துவைத்த அளவிலேயே அதை முடிப்போம். இனி எந்த இருக்கையிலும் அதைச் செய்தவரைக் கேட்காமல் எவர் கையும் படாது. இது இந்தச் சபையில் நான் கொடுக்கும் வாக்கு.

கடைசி வரிசையில் எழுந்து நிற்கும், அன்று விலா முறிந்த ஓட்டுநர் தம்பி! உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பேன். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். அதற்கு முன், அக்காவின் படத்தருகே போய் அவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள் தம்பி. ஏழு ஆண்டுகளாக நீங்கள் வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.